பார்ப்பது பைனாகுலரில், சுடுவது ஸ்கோப்பில்

ரைஃபிளின் மேல் பூட்டிய ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) எந்தப் பக்கம் திரும்புகிறதோ, குழல்வாயும் அந்தப் பக்கம்தான் திரும்பும். புதரில் ஏதோ அசைந்தது, என்னவென்று பார்ப்போம் என்று ஸ்கோப்பைக் கண்ணில் வைக்கிறவர், அந்தக் கணமே அந்த ‘ஏதோ’வின் மேல் துப்பாக்கியைக் குறிவைத்துவிட்டார். அது மானாக இருக்கலாம். காளான் பறிக்க வந்தவராக இருக்கலாம். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம். ஆள் என்று தெரிய வரும்போது அவர் நெஞ்சுக்கு நேரே துப்பாக்கி நீட்டியாகிவிட்டது. சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டிருந்தேன், விரல் ட்ரிகரில் இல்லை என்பதெல்லாம் இதற்குச் சமாதானம் ஆகாது. சுடப்போவதில்லை என்ற பொருளின் பக்கம் குழல்வாயைக் காட்டக் கூடாது என்பது துப்பாக்கி கையாளுதலின் அடிப்படை விதி. ஸ்கோப்பால் தேடுகிறவர் அதை ஒரு நாளில் நூறு முறை மீறுகிறார்.

ஸ்கோப்பே ஒன்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறதே, பைனாகுலர் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பாதுகாப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் பார்வையை மட்டும் கணக்கிட்டாலும் ஸ்கோப் தேடுவதற்கு ஏற்ற கருவி இல்லை. 3-9×40 ஸ்கோப்பை (3 முதல் 9 மடங்கு வரை மாற்றலாம், முன்லென்ஸ் 40 மி.மீ.) 9-இல் வைத்தால் 100 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 4 மீட்டர் அகலம்தான் கண்ணில் படும். 8×42 பைனாகுலரில் அதே தொலைவில் 12 முதல் 14 மீட்டர் தெரியும். அதோடு இரண்டு கண்களாலும் பார்ப்பதால் ஆழம் பிடிபடுகிறது. கொம்பு எது, அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த கிளை எது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. ஒற்றைக் கண்ணில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே பொருளாகிவிடும். இல்லாத கொம்பு ‘தெரிவது’ பெரும்பாலும் இப்படித்தான்.

பைனாகுலரில் எழுதியிருக்கும் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகும் என்பது, இரண்டாவது முன்லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×42-இல் 5.25 மி.மீ., 10×42-இல் 4.2, சட்டைப்பையில் அடங்கும் 10×25-இல் வெறும் 2.5. மங்கிய வெளிச்சத்தில் இளம் கண்ணின் பாவை 7 மி.மீ. வரை விரியும்; வயது ஏற ஏற இது 5 மி.மீ. அளவுக்குக் குறையும். அதனால் விடியற்காலையிலும் அந்தியிலும் 10×25 இருண்டுபோய்விடும், 8×42 தாக்குப்பிடிக்கும். அடர்ந்த காட்டுக்கு 8×42 போதும் என்பதே என் முடிவு. 10 மடங்கு திறந்த மலைச்சரிவுக்குப் பயன்படும். ஆனால் கைநடுக்கமும் 10 மடங்காகும். முழங்கையை முட்டியில் ஊன்றாமல் நின்றபடி பார்த்தால் அதனால் கிடைக்கும் கூடுதல் நுணுக்கமெல்லாம் நடுக்கத்திலேயே கரைந்துவிடும்.

கடையிலிருந்து வந்தபடியே பயன்படுத்துகிறவர்கள் அதிகம். முதலில் நடுக்கீலை மடக்கி இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் அளவுக்கு வைக்க வேண்டும். பிறகு வலப்பக்க முன்லென்ஸை மூடி, இடக்கண்ணால் 50 மீட்டரில் உள்ள ஒரு பலகையையோ மரப்பட்டையையோ பார்த்து நடுச்சக்கரத்தால் தெளிவாக்க வேண்டும். அடுத்து இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், அதே பொருளை வலக்கண்ணுக்கு வலது ஐபீஸில் (கண்பக்க லென்ஸில்) உள்ள வளையத்தால் தெளிவாக்க வேண்டும். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், இனி நடுச்சக்கரம் மட்டும். கண்ணாடி அணிகிறவர்கள் கண்குவளையை உள்ளே திருகிவிட வேண்டும், அணியாதவர்கள் வெளியே. கீழே விழுந்த பைனாகுலரில் பத்து நிமிடம் பார்த்ததும் தலைவலித்தால், அல்லது படம் இரண்டாகப் பிரிந்தால், உள்ளே பட்டகம் (பிரிசம்) நகர்ந்திருக்கிறது. அதைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட வேண்டும். அதை வைத்துக்கொண்டு விலங்கை அடையாளம் காணப் போகக் கூடாது.

இரண்டு கையும் பைனாகுலரில் இருக்கும்போது ரைஃபிள் எங்கே?

இதற்கு முன்கூட்டியே ஒரு விடை வைத்திருக்க வேண்டும். விலங்கைப் பார்த்த பதற்றத்தில் யோசிக்க நேரம் இருக்காது.

நடக்கும்போது என்றால் தோள்வாரில், குழல்வாய் மேல்நோக்கி. இதில் ஒரு பொறி உண்டு: அப்படியே முன்பக்கம் குனிந்தால் குழல்வாய் சரிந்து, முன்னால் நடப்பவர் முதுகுக்கு நேராக வந்து நிற்கும். குனிய வேண்டுமானால் முதுகை நிமிர்த்தியபடி முட்டி போட்டு இறங்க வேண்டும். உட்கார்ந்து பார்ப்பதானால் ரைஃபிளைப் பையின் மேல் படுக்கவைத்து, ஆளில்லாத பக்கமாகக் குழல்வாயைத் திருப்பி வைக்கலாம். மரத்தில் சாய்த்து வைப்பதுதான் கூடாத பழக்கம். காற்றடித்தாலும் சரி, கால் இடறினாலும் சரி, நாய் உரசினாலும் சரி, அது விழும். விழும்போது குழல்வாய் எந்தப் பக்கம் சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த எல்லா நிலைகளிலும் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) காலியாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். சேஃப்டி ஓர் இயந்திர உறுப்பு. தேயும், அழுக்கு அடையும், குளிரில் உறையும். சில பழைய போல்ட் (சேம்பரை மூடித் திறக்கும் உருளை) ரைஃபிள்களில் தோட்டாவை எடுக்க சேஃப்டியை விடுவித்தால்தான் போல்ட் திறக்கும். மேகசினில் தோட்டா இருந்து சேம்பர் காலியாக இருந்தால், சுடத் தயாராவதற்கு ஆகும் நேரம் இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் ஓடிவிடும் விலங்கை, அடையாளம் உறுதியாகத் தெரிந்து சுடவும் முடியாது.

கழுத்தில் ஒற்றை வாரில் தொங்கும் பைனாகுலர் குனியும்போது ஊசலாடி ரைஃபிளின் கட்டையில் மோதும், போல்ட் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும். முதுகில் குறுக்காக வரும் நான்கு பட்டை கொண்ட மார்புப் பட்டை இதைத் தீர்க்கிறது. கழுத்து வலியும் குறையும். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: லென்ஸ் மூடியின் கயிறு, மேற்சட்டையின் இழுகயிறு, பட்டையின் நீண்டு தொங்கும் முனை, இவற்றில் எதுவும் ட்ரிகர் கார்டுக்குள் (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம்) நுழையும் நீளத்தில் இருக்கக் கூடாது. மீதியை மடித்து ஒட்டிவிடுங்கள், அல்லது வெட்டிவிடுங்கள்.

எதைப் பார்த்தால் ‘பார்த்தது’ ஆகும்

காலையிலிருந்து மானுக்காகக் காத்திருக்கும் மூளை, ஒரு பழுப்புத் துண்டும் ஓர் அசைவும் கிடைத்ததும் மீதி மானைத் தானே வரைந்துவிடும். அனுபவசாலிக்கும் இது நடக்கும். சொல்லப்போனால் அவருக்கு இன்னும் வேகமாக நடக்கும், ஏனென்றால் அவர் மனத்தில் அந்த உருவம் ஆயிரம் முறை பதிந்திருக்கிறது. ஆகவே நிறம், சத்தம், அசைவு மூன்றும் சேர்ந்தாலும் அது அடையாளம் ஆகாது. தலை, கழுத்து, நெஞ்சு, கால்கள் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். இனம் தெரிய வேண்டும். அனுமதிச் சீட்டில் ஆண் என்று இருந்தால் ஆண் என்று தெரிய வேண்டும். பக்கத்தில் இருப்பவர் “அதுதான், சுடு” என்று சொல்வது ஒரு தகவல் மட்டுமே. சுடுகிறவர் தன் பைனாகுலரில் தானே பார்த்திருக்க வேண்டும்.

தேடும் முறையும் அடையாளம் காணுவதில் பாதி. முதலில் வெறுங்கண்ணால் மொத்த நிலத்தையும் ஒருமுறை. பிறகு பைனாகுலரில், கிட்டத்திலிருந்து தொலைவுக்கு, பட்டை பட்டையாக. ஒவ்வொரு பட்டையும் முந்தையதின் மேல் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். பைனாகுலரை ஓட்டிக்கொண்டே பார்த்தால் அசைவு தெரியாது. ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணை மட்டும் வட்டத்துக்குள் நகர்த்த வேண்டும். எடுத்ததுமே முழு விலங்கு கிடைக்காது. காது ஒன்று திரும்பும், செங்குத்தான மரங்களுக்கு இடையில் கிடைமட்டமாக ஒரு முதுகுக்கோடு இருக்கும். கண்ணில் ஏதாவது பட்டதும் தலையைக் குனியாமல், பார்வையை அங்கேயே வைத்துக்கொண்டு பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும்.

விலங்கு உறுதியானதும் உடனே ரைஃபிளைத் தூக்காதீர்கள். அதே பைனாகுலரில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று, பின்னால் என்ன இருக்கிறது: மண்மேடா, மலைச்சரிவா, வெறும் வானமா. .22 ரிம்ஃபயர் என்ற சிறிய குண்டே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. பெரிய சென்டர்ஃபயர் குண்டு 4 கிலோமீட்டருக்கும் அப்பால் போகும். முகட்டின் மேல் வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்கும் விலங்கை விட்டுவிடத்தான் வேண்டும். இரண்டு, அதன் பின்னாலோ பக்கத்திலோ இன்னொரு விலங்கு நிற்கிறதா. பிறகு, ஸ்கோப்பில் மறுபடி கண்டுபிடிக்க உதவும் ஓர் அடையாளம், ஒரு வெள்ளைப் பாறை, முறிந்த கிளை, அதை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பிறகுதான் பைனாகுலர் கீழே இறங்கி ரைஃபிள் மேலே வர வேண்டும்.

ஸ்கோப் எப்போதும் மிகக் குறைந்த பெருக்கத்தில், 3 என்றால் 3-இல், இருக்க வேண்டும். அப்போது 100 மீட்டரில் 11 மீட்டர் அளவுக்கு அகலம் கிடைக்கும், விலங்கு சட்டென்று சிக்கும். 9-இல் வைத்து ஏந்தினால் வட்டம் முழுக்கப் பழுப்பு ரோமம்தான் இருக்கும். எந்த விலங்கு, எந்தப் பக்கம் தலை என்றே தெரியாது. விலங்கு சிக்கிய பிறகு வேண்டுமானால் பெருக்கத்தைக் கூட்டலாம். மறுபடி அடையாளம், மறுபடி பின்புலம், அதன் பிறகு சேஃப்டி, கடைசியில்தான் விரல். முடிந்தவரை இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பழகுங்கள். வட்டத்துக்கு வெளியே பக்கவாட்டில் ஒருவர் நடந்து வந்தால் அந்த மற்றக் கண்தான் பார்க்கும்.

அந்தி வேளை தனியாகச் சொல்ல வேண்டியது. வெளிச்சம் குறையும்போது கண் சிவப்பு, ஆரஞ்சு நிறங்களை முதலில் இழக்கிறது. நீலமும் பச்சையும் ஒப்பீட்டளவில் பிரகாசமாகத் தெரிகின்றன. பர்கின்ஜி விளைவு என்பார்கள். பகலில் எரிவதுபோல் தெரியும் வேட்டைக்காரரின் ஆரஞ்சு மேலங்கி, சூரியன் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் சாம்பல் கலந்த பழுப்பாகிவிடும். நல்ல லென்ஸ் அதைத் தள்ளிப்போடும், தடுக்காது. ஆகவே அந்தியில் ஆரஞ்சு தெரியவில்லை என்பதை ஆள் இல்லை என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கோப்பில் ஒளிரும் ரெட்டிகிள் (குறிக்கோடு) இருந்தால் அதையும் மிகக் குறைந்த அளவில் வைக்க வேண்டும். கூட்டினால் அந்த ஒளியே பாவையைச் சுருக்கி இலக்கை மறைத்துவிடும்.

வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் கருவி இருளில் உடல் இருப்பதைக் காட்டும், அது யாருடைய உடல் என்பதைத் தெளிவாகக் காட்டாது. தொலைவில் கன்றுக்குட்டியும் காட்டுப்பன்றியும் குந்தியிருக்கும் மனிதனும் வெண்ணிறத் திட்டுகளே. காற்றோடு ஒரே வெப்பத்தில் இருக்கும் கம்பிவேலியும் கிளையும் அதில் கரைந்துபோகலாம். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் தெரியமாட்டார், ஏனென்றால் சாதாரணக் கண்ணாடி அந்த அகச்சிவப்புக் கதிரை விடாது. இங்கும் அதே ஒழுங்குதான்: கையில் பிடிக்கும் தெர்மலால் தேடுங்கள், ரைஃபிளில் பூட்டியதால் தேடாதீர்கள்.

ஸ்கோப்பைப் பூட்டுவது, கண்ணைக் காப்பது

சுடும் உதைப்பில் ஐபீஸ் இடித்துப் புருவத்தில் பிறைவடிவத் தழும்பு வாங்குவது எல்லாம் ஒரே காரணத்தால்: கண்ணுக்கும் ஐபீஸுக்கும் இடைவெளி போதவில்லை. வேட்டை ஸ்கோப்களில் இந்த இடைவெளி பொதுவாக 75 முதல் 100 மி.மீ. பெருக்கத்தைக் கூட்டும்போது பல ஸ்கோப்களில் இது சுருங்கும் என்பதால், பொருத்தும்போது மிக அதிகப் பெருக்கத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றிவிட்டு, வேட்டைக்குப் போடும் அதே தடித்த மேற்சட்டையோடு, கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளை ஏந்தி, கன்னத்தைக் கட்டையில் இயல்பாகப் பதித்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். கழுத்தை நீட்டாமல், இழுக்காமல் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் கருநிழல் வந்தால் ஸ்கோப்பை நகர்த்த வேண்டும். இதையே படுத்த நிலையிலும், மேட்டை நோக்கிக் குறிவைத்தும் சோதியுங்கள். நின்ற நிலையில் சரியாக இருந்த இடைவெளி இந்த இரண்டிலும் சுருங்கும். புருவம் கிழிவது அங்கேதான். சந்தேகம் இருந்தால் இன்னும் அரை சென்டிமீட்டர் முன்னால் தள்ளுவதே மேல்.

திருகுகளை ‘கைக்கு இறுக்கமாக’ முடுக்கினால் போதாது. எவ்வளவு இறுகியது என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்கின் மேல்மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 இன்ச்-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.7 முதல் 2.3 நியூட்டன் மீட்டர். உங்கள் ரிங்கோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. எண்ணெயை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, மூலைவிட்டமாக, கொஞ்சம் கொஞ்சமாக, இருபுறமும் இடைவெளி ஒன்றாக இருக்கும்படி இறுக்க வேண்டும். மேல்மூடித் திருகுக்குப் பசை போடாதீர்கள். ஈரப்பசை உராய்வைக் குறைப்பதால் அதே எண்ணில் கூடுதலாக இறுகி, குழாயை நசுக்கிவிடும். நசுங்கிய குழாயில் உள்ளே இருக்கும் சரிசெய்யும் பகுதி சிக்கும், பெருக்க வளையம் கனக்கும்.

ஸ்கோப்பைக் குண்டு படும் இடத்தோடு சீராக்கும்போது லேசர் போர்சைட்டர் (குழல் நோக்கும் இடத்தை லேசர் புள்ளியால் காட்டும் கருவி) பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, இந்தப் பதிவில் மிக முக்கியமான வரிகளில் ஒன்று. அது சேம்பருக்குள் போகும் வகையோ குழல்வாயில் செருகும் வகையோ, சுடுவதற்கு முன் வெளியே எடுத்துக் கண்முன் மேசையில் வைக்க வேண்டும். குழலில் அடைப்போடு ஒரு தோட்டா வெடித்தால் குழலே பிளக்கும். போல்ட்டைத் திறந்து குழலின் ஊடே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே முதல் தோட்டா.

முதலில் 25 மீட்டரில், பிறகு 100-இல், மூன்று மூன்று தோட்டாவாக. ஸ்கோப்பின் சுழற்றியில் ஒரு கிளிக் கால் எம்ஓஏ (எம்ஓஏ, மில் இரண்டும் கோண அளவுகள்) என்றால் 100 மீட்டரில் 7 மி.மீ. நகரும், 25 மீட்டரில் 2 மி.மீ.கூட இல்லை, அதனால் அங்கே நான்கு மடங்கு கிளிக் வேண்டும். 0.1 மில் கிளிக் என்றால் 100 மீட்டரில் 10 மி.மீ. தொலைவுக்காக மேல்சுழற்றியைத் திருகிவிட்டு மறப்பதும் உண்டு: 20 கிளிக் ஏற்றியது அப்படியே இருந்தால், அடுத்து 100 மீட்டரில் சுடும் குண்டு 14 செ.மீ.க்கு மேல் உயரத்தில் போகும். ஒன்று, காயம்பட்ட விலங்கு ஓடும், அல்லது குண்டு எதிலும் படாமல் பறக்கும். சுட்டு முடித்ததும் சுழற்றி பூஜ்யத்துக்கு. ஸ்கோப் கீழே விழுந்தாலும், வண்டியில் நீண்ட தூரம் குலுங்கி வந்தாலும் காட்டுக்குள் போகும் முன் காகித இலக்கில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

ஸ்கோப்பின் பார்வைக்கோடு குழலின் மையத்துக்கு 4 அல்லது 5 செ.மீ. மேலே இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாறை மேலோ, விழுந்த மரத்தின் மேலோ ரைஃபிளைச் சார்த்திச் சுடும்போது ஸ்கோப்பில் இலக்கு தடையில்லாமல் தெரியும். குழல்வாய்க்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் கல்விளிம்பு நிற்கும். அது மங்கலாகக்கூட ஸ்கோப்பில் தெரியாது, ஏனென்றால் அது பார்வைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறது. அங்கே பட்ட குண்டும் கல்சில்லும் முகத்துக்கே திரும்பலாம். ட்ரிகரைத் தொடும் முன் தலையைத் தூக்கிக் குழல்வாய்க்கு முன்னால் உள்ளதை வெறுங்கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

சூரியன்

42 மி.மீ. முன்லென்ஸின் பரப்பு, பகலில் சுருங்கிய 3 மி.மீ. பாவையின் பரப்பைப்போல் 196 மடங்கு. அது வாரிச் சேர்த்த சூரியஒளியில் ஒரு பகுதி கண்ணுக்குள் போனாலே விழித்திரை வெந்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது; பார்வையின் நடுவில் ஓட்டை விழுந்தது பிறகுதான் தெரியவரும். காலையில் கிழக்குச் சரிவையும் மாலையில் மேற்குச் சரிவையும் அலசும்போது சூரியனை ஒரு மரத்துக்கோ முகட்டுக்கோ பின்னால் மறைத்து உட்காருங்கள். பாறை விளிம்பை நோக்கி மெதுவாக நகர்த்தும்போது அங்கே சூரியன் எட்டிப்பார்க்கும் இடம் எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஓய்வெடுக்கும்போது லென்ஸுக்கு மூடி போட வேண்டும். சூரியனை நோக்கிக் கிடக்கும் லென்ஸ், கருவியின் உள்பாகத்தைச் சுடும். காய்ந்த புல்லைப் பற்றவைக்கவும் கூடும்.

துடைப்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதி, மென்தூரிகையால் தட்டி, பிறகே ஈரம் தொட்ட லென்ஸ் துணி, நடுவிலிருந்து வெளிவட்டமாக. சட்டை முனையால் துடைத்தால் மணல்துகள் பூச்சைக் கீறும். கீறிய லென்ஸில் எதிர்வெயில் பட்டால் படம் முழுக்க வெண்படலம். குளிர்க்காலத்தில் பைனாகுலரை மேற்சட்டைக்குள் வைத்து வெதுவெதுப்பாக்காதீர்கள், உடம்பின் ஈரம் அதில் படியும். ஐபீஸில் மூச்சு விடாமல் பக்கவாட்டில் விடுங்கள். வெளியே படியும் பனி துடைத்தால் போகும்; உள்ளே படிந்தால் அடைப்பு கசிந்து உள்ளே நிரப்பியிருந்த நைட்ரஜன் வெளியேறிவிட்டது என்று பொருள், அது பழுதுக்குப் போக வேண்டியது. ஸ்கோப்பின் லென்ஸைத் துடைக்கும்போது முகமும் கையும் குழல்வாய்ப் பக்கம் போகும் என்பதால் மேகசினைக் கழற்றி, சேம்பரை விரலால் தடவிப் பார்த்து, போல்ட்டை உருவி வேறோர் இடத்தில் வைத்துவிட்டுத்தான் துணியை எடுக்க வேண்டும்.